குமிழி ஓடிய பக்கம்

குடியிருப்போர் நலச் சங்கத்தின் நெடிய வரலாற்றில் இதைவிட முக்கியமான அறிவிப்பு வந்ததில்லை: சங்கத் தலைவர் இன்று காலை காலமானார். ஆனால் அறிவிப்புப் பலகை காலியாகவே கிடந்தது. அதில் எழுதும் உரிமை தலைவருக்கு மட்டும்தான். சாக்பீஸ் டப்பாவை அவர் எங்கே பூட்டி வைத்திருந்தார் என்பதும் வேறு யாருக்கும் தெரியாது.

தலைவரின் மனைவி கூடத்தில் உட்கார்ந்து அவர் பாதங்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கால் வெளுத்துச் சுருங்கியிருந்தது. குதிகாலில் தோல் உரிந்து, காய்த்து, காய்த்த இடம் மறுபடி உரிந்திருந்தது. சுமை தூக்குகிறவனின் கால் மாதிரி இருந்தது. பணிக்காலம் முழுக்கச் சுழல்நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்ட மனிதருக்கு இந்தக் கால் எங்கிருந்து வந்தது?

அதைவிட அவளை அரித்துக்கொண்டிருந்தது வேறொன்று. காலையில் குளத்திலிருந்து ஏறி வந்தவர், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒரு அறிவிப்பு இருக்கு. டீயைக் கொண்டா, சொல்றேன்" என்றார். டீ வந்தது. தலைவர் போயிருந்தார்.

தண்ணீர் வராது, தண்ணீர் வரும், தண்ணீர் வந்தது ஆனால் நீங்கள் கவனிக்கவில்லை. இப்படி எத்தனையோ அறிவிப்புகளை விட்டவர். ஒன்றையாவது அவள் காது கொடுத்துக் கேட்டிருப்பாளா என்பது சந்தேகம்தான். கேட்டே ஆகவேண்டும்போல் இருந்த ஒன்றை மட்டும் கையோடு கொண்டுபோய்விட்டார்.

"அண்ணி..." கொழுந்தன் வாசற்படியில் தயங்கினான். "பின்னாடி அந்தத் தொட்டி..."

"தொட்டின்னு சொல்லாதீங்க தம்பி. உங்க அண்ணன் எழுந்து உட்கார்ந்து திருத்துவார்."

"சரி, குளம். சின்னப் பசங்கல்லாம் வர்றாங்க. எட்டிப் பார்க்கிறேன்னு எவனாவது உள்ள விழுந்து வச்சா வம்பு. தண்ணியைத் திறந்து விட்டுடட்டுமா?"

சரியென்று தலையை அசைத்தாள். அந்தக் குளத்தால் அவளுக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை.

ஆனால் அது வந்தது அவளுக்காகத்தான். "தண்ணிக்குள்ள நடங்கம்மா, மூட்டு வலி தெரியாது" என்று டாக்டர் வாய் தவறிச் சொன்ன வாரமே தலைவர் அதை வாங்கி இறக்கிவிட்டார். தரைக்கு மேலே வட்டமாக இரும்புச் சட்டம், உள்ளே மணல் படுகை, அதன்மேல் நீல வினைல் விரிப்பு, மார்பளவு தண்ணீர். மணலைத் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்க வேண்டும் என்று அட்டைப் பெட்டியிலேயே படம் போட்டிருந்தது. படம் பார்த்து வேலை செய்வது குழந்தைகளுக்குத்தான் என்று தலைவர் பெட்டியை மடித்துப் பரணில் போட்டார். தண்ணீரின் பாரம் ஏறியதும் மணல் தன் இஷ்டத்துக்கு அமுங்கியது, அமுங்காத இடத்தில் மேடு தட்டி நின்றது.

அவள் ஒரே ஒரு தடவை இறங்கினாள். ஒரு கால் குழியில், ஒரு கால் மேட்டில். முழங்கால் சுண்டி இழுத்தது.

"உள்ள மலையும் மடுவுமா கிடக்கு. மட்டமான தரையிலயே தள்ளாடுறேன், இதுல நான் நடக்கணுமா?"

"தரை மட்டம்தான். உன் கால்தான் சரியில்லை."

"தரை மட்டமாகட்டும், அப்புறம் இறங்குறேன்."

தலைவர் ரசமட்டம் வாங்கிவந்து குளத்தின் விளிம்பில் வைத்தார். அதன் கண்ணாடிக் குழாயில் குமிழி மேற்குப் பக்கமாக ஓடியது. கடைக்குப் போய் வேறொன்று மாற்றி வந்தார். அந்தக் குமிழியும் அதே பக்கம் ஓடியது. இரண்டும் ஒரே கம்பெனி என்று விளக்கம் தந்தார். மறுநாள் பலகையில், 'குளத்தின் மட்டம் குறித்த வதந்திகளை நம்ப வேண்டாம்' என்று எழுதியிருந்தது. வதந்தியைப் பரப்பியவள் அந்தப் பலகையைத் தாண்டித்தான் காய்கறி வாங்கப் போனாள்.

அதற்குப் பிறகுதான் அந்தக் கூத்து தொடங்கியது. தினமும் காலையில் தலைவர் குளத்தில் இறங்கி, விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மோவாயை உயர்த்தியபடி ஒரே இடத்தில் மிதித்துக்கொண்டிருப்பார். சமையலறை ஜன்னலில் அவர் தலை மட்டும் ஏறி இறங்குவது தெரியும்.

"என்ன பண்றீங்க?"

"நடைப் பயிற்சி."

"நின்ன இடத்துலயேவா?"

"இது புது முறை. உனக்குப் புரியாது."

உங்கப்பா தொட்டிக்குள்ள அணிவகுப்பு நடத்துறார் என்று மகளுக்கு போன் போட்டுச் சிரித்தாள். மழையிலும் இறங்கினார். காய்ச்சலிலும் இறங்கினார். அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

"அண்ணி, கொஞ்சம் வந்து பாருங்களேன்."

கொழுந்தனின் குரலில் வழக்கமான சத்தம் இல்லை. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் போனாள். துக்கத்துக்கு வந்தவர்கள் குளத்தைச் சுற்றிக் கைகட்டி நின்றார்கள். கூடத்தில் தலைவரைப் பார்த்தபோதுகூட அவர்கள் அத்தனை அமைதியாக நிற்கவில்லை.

தண்ணீர் வடிந்து அடியில் கொஞ்சம்தான் மிச்சம். நடுவில் தரை அவள் சொன்னபடியே இருந்தது. நீல மேடுகள் தீவு தீவாகத் தலைகாட்டின. இடையிடையே குழிகள். ஆனால் விளிம்பை ஒட்டி, ஓர் ஆள் நடக்கிற அகலத்துக்கு, முழு வட்டமாக ஒரு பாதை ஓடியது. அதில் ஒரு மேடில்லை, ஒரு சுருக்கமில்லை. அதன்மேல் தண்ணீர் எங்கும் அறுபடாமல் கிடந்தது. வானம் வளைந்து வந்து அந்த வட்டத்துக்குள் படுத்திருந்தது.

கொழுந்தன் குனிந்து அழுத்திப் பார்த்தான். "கல்லு மாதிரி இறுகியிருக்கு. தண்ணிக்குள்ள நின்னு, ஷீட்டுக்கு மேல மிதிச்சே... மனுஷனால ஆகிற வேலையா அண்ணி இது?"

அவள் பாதையைக் கண்ணால் ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். அவர் நின்ற இடத்திலேயே மிதிக்கவில்லை. நாளுக்கு ஒரு சாண் நகர்ந்திருக்கிறார், ஜன்னலிலிருந்து பார்க்கிறவளுக்குத் தெரியாதபடி. ஏணியடியில் தொடங்கிய பாதை, சுற்றிவந்து ஏணியடியிலேயே முடிந்தது. அங்கே ஒரு குதிகால் அகலத்துக்கு வினைல் மட்டும் புதுசாக, இன்னும் வெளுக்காமல், பளபளத்தது. இன்று காலை மிதித்த இடம்.

அவள் ஏணியில் கால் வைத்தாள்.

"அண்ணி, வண்டி வந்தாச்சு. எடுக்கிற நேரம்."

"நிக்கச் சொல்லுங்க தம்பி. இத்தனை நாள் அவர் நிக்கலையா?"

யாரும் தடுக்கவில்லை. உள்ளே இறங்கி விளிம்பைப் பிடித்தாள். முதல் அடி. முழங்கால் சும்மா இருந்தது. அடுத்த அடி. கூட்டத்தில் ஒரு குழந்தை ஏதோ கேட்க, அதன் அம்மா வாயைப் பொத்தினாள். தண்ணீர் சலசலக்கும் சத்தம் மட்டும். பாதிச் சுற்றில் அவள் கை விளிம்பைவிட்டுத் தானாக விலகியது. அதை அவள் கவனித்ததாகத் தெரியவில்லை. சேலை நுனி நனைந்து பின்னால் வந்தது.

சுற்றி முடித்து ஏணியடியில் நின்று, தன் கால்களைப் பார்த்தாள். மேற்கே பாதம் மட்டும் நனைந்தது. கிழக்கே வந்தபோது கணுக்கால்வரை நனைந்திருந்தது.

தரை மட்டமாக இல்லை.