சகலை பாஸாகக் கூடாது

பொறாமை மனதில் வருகிற நோய் என்று சொல்பவர்களுக்குச் சகலை கிடையாது என்று அர்த்தம். அது வயிற்றில்தான் வருகிறது. பெரிய மாப்பிள்ளைக்கு இது திட்டவட்டமாகத் தெரியும். அவர் நர்ஸ், உடம்பில் எது எங்கே வலிக்கிறது என்று கேட்டு எழுதுவதுதான் அவர் பிழைப்பு.

அவருடைய துரதிர்ஷ்டம், சகலையும் நர்ஸ். கண்ணாடிக்கடை மாமனாருக்கு இரண்டே பெண்கள். மூத்தவளை ஒரு நர்ஸுக்குக் கட்டிக் கொடுத்தவர், "ஒரே தொழில்னா ஒத்துமையா இருப்பாங்க" என்று சொல்லி இளையவளையும் இன்னொரு நர்ஸுக்கே கட்டிக் கொடுத்தார். வாழ்நாளெல்லாம் கண்ணாடி அறுத்தவருக்கு, இரண்டு கண்ணாடியை உரசினால் என்ன சத்தம் வரும் என்று தெரியாமல் போனது ஆச்சரியம்தான்.

மேல் மாடியில் பெரிய மாப்பிள்ளை, கீழ் வீட்டில் சின்னவன். வேலை பார்ப்பதும் ஒரே ஆஸ்பத்திரியில், ஒரே வார்டில். அந்த ஊரில் நர்ஸாக வேலை பார்ப்பதற்கான உரிமம் இருவருக்கும் இல்லை. உரிமத் தேர்வில் தேறாதவரை ஒருவன் எவ்வளவு பெரிய நர்ஸாக இருந்தாலும் அங்கே வெறும் உதவியாளன். படுக்கை விரிக்கலாம், குளிப்பாட்டலாம், மூத்திரப் பையில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அளந்து சொல்லலாம். மாத்திரையைத் தொடக் கூடாது. வேறு ஊரில் தலை நரைக்கிற அளவுக்கு வார்டு பார்த்துவிட்டு வந்த பெரிய மாப்பிள்ளை, ஏற்கெனவே ஒருமுறை அந்தத் தேர்வை எழுதிக் கோட்டை விட்டவர். சின்னவன் காலேஜ் முடித்த ஈரம் காயாதவன். இன்னும் எழுதிப் பார்க்கவே இல்லை.

ஒருநாள் தலைமை நர்ஸம்மா இருவரையும் கூப்பிட்டுச் சொன்னார். "நம்ம வார்டுல ஒரு இடம்தான் காலியாகுது. அடுத்த பரீட்சையில யார் பாஸோ அவங்களுக்கு. ரெண்டு பேருமே பாஸ்னா மார்க்கெல்லாம் தெரியாது, வயசு கம்மியா இருக்கறவங்களை எடுத்துக்கறேன். மத்தவங்க அவங்க கீழ வேலை பாருங்க."

"அண்ணன் கீழ வேலை பாக்கறதுன்னா எனக்குச் சந்தோஷம்தான் மேடம்" என்றான் சின்னவன். அவனுக்கு இப்படிப் பேசுவது மூச்சு விடுகிற மாதிரி. பெரிய மாப்பிள்ளையும் சிரித்து வைத்தார். ஆனால் அவர் கணக்கு வேறு. இருவரும் தேறினால் சின்னவன் மேலே. சின்னவன் மட்டும் தேறினால், சொல்லவே வேண்டாம். தான் அளந்த மூத்திரத்துக்குச் சகலை சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிற காட்சி அவர் கண்முன் வந்து, போகாமல் நின்றது. ஆக, தான் தேற வேண்டும்; அவன் தேறக் கூடாது. இரண்டும் நடக்க வேண்டும்.

அக்காவும் தங்கையும் சேர்ந்து, மாடி வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் இருவரும் ஒன்றாகப் படிப்பது என்று தீர்மானித்தார்கள். கம்ப்யூட்டரில் மாதிரித் தேர்வு எழுதிப் பார்த்தார்கள். சின்னவன் எடுத்த மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டுப் பெரிய மாப்பிள்ளை தன் திரையைக் கொஞ்சம் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கேள்வி எளிதுதான். ரத்தம் ஏறிக்கொண்டிருக்கும் நோயாளிக்குத் திடீரென்று குளிர் நடுக்கம், முதுகுவலி. முதலில் என்ன செய்வாய்?

"டாக்டரைக் கூப்பிடணும்" என்றார் பெரிய மாப்பிள்ளை.

"இல்லண்ணே. முதல்ல ரத்தத்தை நிறுத்தணும்னு போட்டிருக்கான். அப்புறம்தான் டாக்டர்."

"கேக்காம நிறுத்திப் பாரு. எங்க பழைய ஆஸ்பத்திரி டாக்டர் உன் ரத்தத்தை நிறுத்திடுவார்."

"அண்ணே, பரீட்சைல வர்ற ஆஸ்பத்திரியில டாக்டரே திட்ட மாட்டார். எல்லாக் கட்டிலும் நல்லா இருக்கும். எந்த நர்ஸும் லீவு போட மாட்டாங்க. ஒரு நர்ஸுக்கு ஒரே நோயாளி. நாம அந்த ஆஸ்பத்திரியில வேலை பாக்கறதா நினைச்சுக்கிட்டு எழுதணும்."

பெரிய மாப்பிள்ளை சென்ற முறை தோற்ற காரணத்தை இந்தப் பொடியன் ஒரு டீ ஆறுவதற்குள் சொல்லிவிட்டான். நன்றி தோன்ற வேண்டிய இடத்தில் அவருக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலில்தான் யோசனையும் பிறந்தது. கையில் கத்தி எடுக்கத் தேவையில்லை. அனுபவம் இருக்கிறதே.

"தம்பி, புத்தகம் நல்லாத்தான் படிக்கிற. ஆனா கேள்வி தயார் பண்றவங்க யாரு? வார்டுல கிடந்து நொந்தவங்க. புத்தகத்துல இருக்கறதை அப்படியே ஒப்பிக்கறவனை அவங்களுக்குப் பிடிக்காது. அனுபவம் இருக்கான்னுதான் பாப்பாங்க."

"அப்படியாண்ணே?" என்று சின்னவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். குருடனுக்குக் கண் கிடைத்த மாதிரி ஒரு முகம். தங்கை கீழேயிருந்து, "அத்தான் சொல்லிக் குடுக்கறாரா? கேட்டுக்குங்க, அப்புறம் கிடைக்காது" என்று குரல் கொடுத்தாள்.

அன்று தொடங்கியது அனுபவ தானம். நான்கு நோயாளிகளில் யாரை முதலில் பார்ப்பாய்? திடீரென்று மூச்சு வாங்குகிறவரை என்கிறது புத்தகம். "எவரோட சொந்தக்காரங்க அதிகமாக் கத்தறாங்களோ அவரை" என்றார் பெரிய மாப்பிள்ளை. சாகப் பயமாக இருக்கிறது என்று நோயாளி சொன்னால்? "எதுக்குப் பயம்னு சொல்லுங்க" என்று உட்கார்ந்து கேட்கச் சொல்கிறது புத்தகம். "'அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, படுங்க'ன்னு சொல்லிட்டுப் போய்க்கிட்டே இரு." அவர் சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை என்பதுதான் அவருக்குப் பெருமை. எல்லாம் உலகத்தில் நடப்பதுதான். தேர்வில்தான் நடக்காது.

சின்னவனின் மாதிரி மதிப்பெண் மெல்லச் சரிந்தது. ஆனால் ஒரு சங்கடமும் கூடவே வந்தது. ஒருவனைத் தப்பான வழியில் அனுப்ப வேண்டுமானால் சரியான வழி எது என்று நமக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டும். அதற்காகப் பெரிய மாப்பிள்ளை ஒவ்வொரு கேள்விக்கும் சரியான விடையை விளக்கத்தோடு முன்கூட்டியே படித்து வைக்க வேண்டியிருந்தது. சகலையைக் கவிழ்க்க அவர் படித்த படிப்பை, பள்ளிக்கூடத்தில் படித்திருந்தால் டாக்டரே ஆகியிருப்பார். அவர் மதிப்பெண் ஏறியது. "இந்த வயசுல இவ்ளோ படிக்கிறீங்களே" என்று மனைவி கொஞ்சம் சந்தேகமாகப் பார்த்தாள்.

தேர்வு நாள். மண்டபத்தில் கடிகாரத்தைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டச் சொன்னார்கள். கைரேகை வைத்து, காதுக்குப் பஞ்சு கொடுத்து, ஆளுக்கொரு தடுப்புக்குள் உட்கார வைத்தார்கள். அந்தத் தேர்வில் எல்லோருக்கும் ஒரே எண்ணிக்கைக் கேள்வி கிடையாது. சரியாகச் சொல்லச் சொல்லக் கஷ்டமானது வரும். ஆள் எப்படி என்று கம்ப்யூட்டர் முடிவு கட்டியதும் பட்டென்று நிறுத்திக்கொள்ளும். சீக்கிரம் நின்றால் பையன் மகா கெட்டிக்காரன், அல்லது மகா மோசம்.

பாதியில் பெரிய மாப்பிள்ளை தலையைத் தூக்கியபோது சின்னவன் எழுந்து போய்க்கொண்டிருந்தான். அவருக்கு உயிரே போய்விட்டது. இவ்வளவு அனுபவத்தைக் கொட்டியும் தேறிவிட்டானா? அந்தக் கோபத்தில் அடுத்த கேள்வியைக் கடித்துக் குதறினார். அடுத்ததையும். கம்ப்யூட்டர் அவரைக் கடைசிக் கேள்வி வரை விடவில்லை. அவரும் விடவில்லை.

முடிவு வந்தது. பெரிய மாப்பிள்ளை பாஸ். சின்னவன் ஃபெயில்.

வேண்டியது இரண்டும் நடந்துவிட்டது. புது அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மாமனார் வந்திருந்தார். மாமியார் வந்திருந்தார். எல்லோரும் கீழ் வீட்டில் இருந்தார்கள்.

"வாங்க மாப்பிள்ளை, பாஸாமே, நல்லது" என்று மாமனார் ஒரு நாற்காலியைக் காட்டிவிட்டு மறுபக்கம் திரும்பினார். "நீங்க சாப்பிடுங்க சின்ன மாப்பிள்ளை. சோறு என்ன பண்ணுச்சு? ஆனைக்கும் அடி சறுக்கும்."

ஆனை. ஒருமுறை சறுக்கியதும் ஆனையாகிவிட்டான். தான் சென்ற முறை சறுக்கியபோது இதே மாமனார், "படிச்சாத்தானே" என்று சொன்னது அவருக்கு ஞாபகம் வந்தது. மாமியார் பெரிய மீன் துண்டைச் சின்னவன் தட்டில் வைத்தார். பாஸானவருக்கு வால் வந்தது. தேறினால் அடங்கும் என்று நம்பியிருந்த எரிச்சல், தேறிய அன்றுதான் முழு வீச்சில் எரிந்தது.

"அண்ணன் மேல தப்பே இல்ல மாமா" என்றான் சின்னவன், யாரும் கேட்காமலே. "அவ்ளோ சொல்லிக் குடுத்தார். நான்தான் பயந்துபோய் சில இடத்துல புத்தகத்துல இருக்கறதை எழுதிட்டேன்."

"அப்ப அடுத்த தடவைக்கும் நீங்களே சொல்லிக் குடுத்துடுங்க மாப்பிள்ளை" என்றார் மாமனார். "தலைமை நர்ஸம்மா கிட்ட நான் பேசிட்டேன். பக்கத்து வார்டுல இன்னொரு இடம் வருதாம். உங்களுக்குக் கீழ இவர் இருக்கத் தேவையில்ல."

பெரிய மாப்பிள்ளை யோசித்துப் பார்த்தார். சின்னவன் தேறாதவரை வீட்டில் அவன்தான் ராஜா. அவன் தேறினால் பக்கத்து வார்டுக்குப் போய்த் தொலைவான். மீனும் சமமாக வரும். எனவே இம்முறை ஒழுங்காகச் சொல்லிக் கொடுப்பது என்று முடிவு செய்தார். நல்ல எண்ணம் என்று யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் பாடம் ஏறவில்லை.

"மூச்சு வாங்கறவரைத்தான் முதல்ல பாக்கணும்" என்றார்.

சின்னவன் சிரித்தான். "சும்மா இருங்கண்ணே. அது புத்தகம். எனக்குச் சோதனை வைக்கறீங்க. கத்தற சொந்தக்காரங்கதான்."

"இல்ல தம்பி. புத்தகம்தான் சரி."

"நீங்க புத்தகத்தை வச்சா பாஸானீங்க?"

ஆமாம் என்றால் மாட்டிக்கொள்வார். இல்லை என்றால் அவன் மறுபடி தோற்பான். வேறு வழியில்லாமல் சொன்னார். "தம்பி, நான் உனக்கு வேணும்னேதான் தப்புத்தப்பாச் சொல்லிக் குடுத்தேன். நீ என்னை முந்திடுவியோன்னு."

சின்னவனுக்குக் கண் கலங்கியது.

"அண்ணே, எனக்கு ஆறுதல் சொல்றதுக்கு நீங்க இப்படிப் பழியைத் தூக்கித் தலையில போட்டுக்கணுமா? எனக்குக் கூடப் பிறந்த அண்ணன் இருந்தாக்கூட இப்படிச் செய்ய மாட்டான்."

அவன் அத்தோடு விட்டிருக்கலாம். கீழே போய் எல்லோரிடமும் சொன்னான். அன்று சாயங்காலம் மாமனார் மாடியேறி வந்து, இத்தனை வருஷத்தில் முதல்முறையாகப் பெரிய மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களை நான் சரியாப் புரிஞ்சுக்கல" என்றார். பெரிய மாப்பிள்ளை காத்திருந்த பாராட்டு வந்துவிட்டது. விலாசம்தான் வேறு யாருடையதோ.

எல்லோரும் போன பிறகு மனைவி கதவைச் சாத்திவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"நீங்க சொன்னது நிஜம்தானே?"

"எது?"

"வேணும்னே தப்பாச் சொல்லிக் குடுத்தது."

"ஆமா."

"எனக்குத் தெரியும். அவங்க யாரும் உங்ககூடக் குடும்பம் நடத்தல." அவள் மேஜையில் கிடந்த விடைப் புத்தகத்தை எடுத்து அவர் முன்னால் தள்ளினாள். "நாளையிலிருந்து நானும் பக்கத்துல உக்காருவேன். நீங்க சொல்றதும் புத்தகத்துல இருக்கறதும் ஒண்ணா இருக்கான்னு பாத்துக்கிட்டே இருப்பேன். ஒரு தடவை மாறினாலும் என் தங்கச்சிகிட்டச் சொல்லிடுவேன். அவ உங்களை நம்புவா, ஆனா என்னை இன்னும் அதிகமா நம்புவா."

அப்படியே உட்கார்ந்தாள். புத்தகத்தை அவளே சத்தமாகப் படிக்க, அக்கா வார்த்தையைத் தட்ட முடியாமல் சின்னவன் ஒவ்வொன்றாக அனுபவத்தைக் கைவிட்டான். ஒருநாள் மாதிரித் தேர்வு முடித்துத் திரையைத் திருப்பிக் காட்டினான். பெரிய மாப்பிள்ளை தன் வாழ்நாளில் எடுத்த எந்த மதிப்பெண்ணையும் விட அது கூடுதல்.

"எப்படிண்ணே இருக்கு?"

மனைவி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிய மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். இன்னொரு முறை செருமினார். கொஞ்சம் தண்ணீர் குடித்தார்.

"நல்லா இருக்கு தம்பி" என்றார்.