பத்தொன்பதாம் பக்கம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் பார்ப்பவரிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். இருக்கட்டும். அந்தக் கோபத்தை நம்பித்தான் என்னோடு சேர்ந்து நிறுவனமே தொடங்கினார். நான் பதினேழு வருடம் பிரசவ வார்டில் நர்ஸ். அவர் சுகாதாரத் துறையில் புள்ளிவிவரப் பிரிவு. ஆஸ்பத்திரியில் நடக்கும் அநியாயத்தை நான் வீட்டுக்கு வந்து திட்டித் தீர்ப்பேன், அவர் அதற்கு அட்டவணை போடுவார். இவ்வளவு ஆதாரத்தோடு திட்டுகிறவள் ஏன் சமையலறைச் சுவரைத் திட்ட வேண்டும் என்று ஒருநாள் கேட்டார். இருவரும் வேலையை விட்டோம். மூக்குக்கண்ணாடிக் கடை மாடியில் ஒரு அறை, இரண்டு மேஜை, அடிக்கடி மக்கர் செய்யும் ஒரு பிரிண்டர். வாசலில் 'சுகாதாரக் கொள்கை ஆலோசகர்கள்' என்று பலகை. கீழ்க்கடைக்காரர் நாங்கள் ஏதோ சத்து மாத்திரை விற்கிறோம் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

முதல் வேலை துறையின் இயக்குநரிடமிருந்து வந்தது. பஸ் போய்த் திரும்பும் கடைசி நிறுத்தத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அதன் பிரசவ வார்டுக்கு டாக்டர் கிடைப்பதில்லை, நர்ஸ்களும் போதவில்லை. என்ன செய்யலாம் என்று ஆராய்ந்து சொல்ல வேண்டும். நான் அங்கே ஆறு வருடம் வேலை பார்த்தவள். எந்தக் குழாய் ஒழுகும், எந்தக் கட்டில் ஆடும் என்பது வரை எனக்கு அத்துப்படி.

என் வீட்டுக்காரருடைய தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மேலதிகாரிக்கு ஒரே யோசனையைக் கொடுத்தால் வேண்டாம் என்பார், மூன்றைக் கொடுத்தால் தானே தேர்ந்தெடுத்த திருப்தியில் ஒன்றை எடுத்துக்கொள்வார். அதனால் மூன்று வழி எழுதினோம். ஒன்று, எல்லாவற்றையும் இப்படியே விட்டுவிடுவது. இன்னொன்று, யாரும் தொடத் துணியாத அடாவடி. நடுவில் நமக்கு வேண்டியது. எங்களுக்கு வேண்டியது இன்னும் இரண்டு நர்ஸ்களும், பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து முறை வைத்து வரும் ஒரு டாக்டரும். நடைமுறைக்கு வரப் பதினான்கு மாதம் ஆகும்.

அடாவடியை எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அதாவது, வார்டையே மூடிவிடுவது.

"நம்பற மாதிரி எழுது," என்றார். "சும்மா ஒப்புக்கு எழுதினா கண்டுபிடிச்சிடுவாங்க."

எழுதினேன். பதினேழு வருடம் எந்தெந்த அதிகாரிகளிடம் வாயை மூடிக்கொண்டு நின்றேனோ, அவர்கள் பாஷையிலேயே எழுதினேன். எந்த அறையைப் பூட்டுவது, குழந்தைகளைச் சூடாக வைக்கும் கருவியை எங்கே அனுப்புவது, எந்த நர்ஸை எந்த வார்டுக்கு மாற்றுவது, எல்லாம் ஒன்பது நாளில் முடியும்படி ஒரே பக்கத்தில், அறிக்கையின் பத்தொன்பதாம் பக்கத்தில். வலி எடுத்தவளை ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக எழுபது நிமிடம். பக்கத்திலேயே 'ஏற்கத்தக்க தூரம்' என்று வேறு போட்டேன். படித்துவிட்டு அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது.

மூன்று வாரம் கழித்து அந்த ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ் போன் செய்தார். எல்லோருக்கும் அவர் பெரியக்கா. வார்டை மூடச் சொல்லி உத்தரவு வந்துவிட்டதாம். நான் இப்போது பெரிய இடங்களோடு பேசுகிறவள் அல்லவா, எப்படியாவது தடுக்க வேண்டுமாம்.

"எழுதினவ இங்க வேலை பார்த்தவளாத்தான்டி இருக்கணும்," என்றார். "ஸ்டோர் ரூம் சாவி எங்க தொங்குதுங்கற வரைக்கும் எழுதியிருக்கா. அவ கை விளங்குமா?"

பார்க்கிறேன் அக்கா என்று சொல்லிப் போனை வைத்தேன். நான்தான் அவள் என்று சொல்லவில்லை.

அன்றைக்கே இருவரும் இயக்குநரைப் போய்ப் பார்த்தோம். அவர் எங்களை உட்கார வைத்துப் பாராட்டினார். மற்ற இரண்டு வழியிலும் ஒரே இழுவை, இது ஒன்றுதான் நாளைக்கே செய்யும்படி தெளிவாக இருக்கிறதாம். நடுவில் இருப்பதுதான் எங்கள் பரிந்துரை என்று இவர் மென்று விழுங்கினார். மூன்றுமே நீங்கள் கொடுத்ததுதானே என்று இயக்குநர் சிரித்தார். இதே போல இன்னும் பதினோரு ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன, எல்லாவற்றுக்கும் நீங்களே எழுதுங்கள் என்றார். வியாழக்கிழமை மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்பதாகவும், நிபுணர்களாக நாங்கள் வந்து விளக்க வேண்டும் என்றும் சொன்னார். என் வீட்டுக்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

படியிறங்கும்போதே, உள்ளதைச் சொல்லிவிடலாம் என்று அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"பதினோரு ஆஸ்பத்திரி," என்றார். "நாம உள்ள இருந்தா அதையாவது காப்பாத்தலாம். பொய்யா எழுதினோம்னு நாமளே சொன்னா, அப்புறம் எவனும் நம்ம கையில ஒரு பேப்பரைத் தர மாட்டான்."

அது உண்மை. உண்மையாக இருந்ததால்தான் இன்னும் ஆத்திரமாக வந்தது. வியாழன் வரை நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

கூட்டம் ஆஸ்பத்திரியின் நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில். பிளாஸ்டிக் நாற்காலிகள் போதாமல் பாதிப் பேர் நின்றார்கள். இயக்குநர் உத்தரவை வாசித்தார். எட்டு மாதக் கர்ப்பமாவது இருக்கும், ஒரு பெண் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மூத்தவன் வலி எடுத்து நாற்பதே நிமிடத்தில் பிறந்துவிட்டான், அடுத்தது எழுபது நிமிடம் பொறுக்குமா என்று கேட்டாள். யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. இதையெல்லாம் நிபுணர்கள் ஆராய்ந்துதான் சொல்லியிருக்கிறார்கள் என்று இயக்குநர் மைக்கை என்னிடம் நீட்டினார். மேஜைக்கு அடியில் இவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். உதறிவிட்டு எழுந்தேன்.

"பத்தொன்பதாம் பக்கத்தை நான்தான் எழுதினேன்," என்றேன். "இதைச் செய்யக் கூடாது. பாதி வழியில பிரசவம் ஆயிடும். அது தெரிஞ்சேதான் எழுதினேன். எவரும் எடுத்துக்க மாட்டாங்கன்னு நெனச்சேன். எங்க ரிப்போர்ட்டை நாங்க திரும்ப வாங்கிக்கறோம்."

கூடம் கொதித்தது. இயக்குநரின் முகம் சுண்டிப்போயிற்று. வாயால் சொன்னால் செல்லாது, நிறுவனம் எழுத்தில் தர வேண்டும் என்றார். இவர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, நின்றபடியே நான்கு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு என் பக்கம் தள்ளினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் போட்டேன். உத்தரவை நிறுத்தி வைப்பதாகவும், வேறு நிபுணர்களை வைத்து முதலிலிருந்து பார்ப்பதாகவும் அறிவித்துவிட்டு இயக்குநர் போய்விட்டார். எங்கள் நிறுவனம் அதோடு முடிந்தது.

கூட்டம் கலைந்தபோது அந்தப் பெண் மேஜைக்கு வந்தாள். பெரியக்கா பின்னாலேயே நின்றார்.

"தெரிஞ்சே எழுதினேன்னு சொன்னீங்களே," என்றாள். "எழுதும்போது எங்கள்ல யாரையாவது நெனச்சீங்களா?"

இன்னொரு பொய்க்கு எனக்குத் தெம்பில்லை.

"இல்லம்மா," என்றேன். "அந்த இயக்குநரைத்தான் நெனச்சேன்."

பெரியக்கா அவள் கையைப் பிடித்து, வா, வயிற்றைப் பார்த்துவிடலாம் என்று வார்டுக்குள் அழைத்துக்கொண்டு போனார்.