இருபத்தாறு பாகமும் ஒரு குறும்படமும்

அன்று எங்கள் அஸ்தினாபுரம் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். நான், காலஞ்சென்ற என் தம்பியின் மனைவி வேதா, அவள் மகள் தேவதர்ஷினி, பெண் பார்க்க வந்த பையன் இளமாறன், அவன் அம்மா பாலாம்பாள், தாய்மாமன் துளசிங்கம். வேறு யாரும் இல்லை. 2008, தை மாதம், ஞாயிற்றுக்கிழமை.

தர்ஷினிக்குச் சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை. இளமாறன் பொத்தேரியில் கல்லூரி ஆசிரியர். முன்னால் வந்த மூன்று இடங்களையும் வேண்டாம் என்றவள், இவன் போட்டோவை மட்டும் திருப்பித் தரவில்லை. இந்த இடம் அமைய வேண்டுமென்று வேதா வேண்டாத தெய்வமில்லை. எனக்கும் அதே ஆசைதான். நான் வெளியே சொல்வதில்லை.

பெண்ணும் பையனும் தனியறையில் பேசும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. பேசுவதைப் பெரியவர்கள் முன்னால் பேசலாம். ஆகவே இருவரும் பேசவில்லை. கேசரி ஆறிப்போன பிறகு, இளமாறன் டிவி பக்கத்தில் கிடந்த டிஸ்க்கைப் பார்த்து, "நீங்க இதெல்லாம் பார்ப்பீங்களா?" என்றான்.

ஜப்பான் கார்ட்டூன். அனிமே என்றுதான் சொல்ல வேண்டுமாம். அதன் டைரக்டர் முதலில் இருபத்தாறு பாகத் தொடர் எடுத்திருக்கிறார். பூமியை இழந்த ஜனங்களை ஏற்றிக்கொண்டு ஒரு விண்கப்பல் புது இடம் தேடிப் போகிறது, வழியெல்லாம் சண்டை. பத்து வருஷம் கழித்து இருபத்தெட்டு நிமிஷப் படம் ஒன்று எடுத்தார். அதே கப்பல் கிழடாகிக் கிடக்கிறது. இரண்டு கூலியாட்கள் அதை வெட்டி இரும்பாக்குகிறார்கள். சண்டையே இல்லை.

"தொடரைப் பார்த்தவங்களுக்கு அந்தப் படம் துரோகம்ங்க" என்றான் இளமாறன்.

"துரோகமா?" என்றாள் தர்ஷினி. "இருபத்தாறு பாகத்துல சொல்ல முடியாததை இருபத்தெட்டு நிமிஷத்துல சொல்லிட்டார். தொடர்ல அந்த கேப்டன் வாயத் தொறந்தா லெக்சர்."

"முழுசா பார்த்தா அப்படிச் சொல்ல மாட்டீங்க."

"பார்த்துட்டுத்தான் சொல்றேன். உங்களுக்கு ரசனை கம்மி."

துளசிங்கம் டம்ளரைக் கீழே வைத்தார். "இன்னாம்மா இது, பொண்ணு பாக்க வந்த எடத்துல புள்ளைக்கு ரசனை கம்மின்னுது! எழுந்திரு அக்கா, போலாம்."

பாலாம்பாள் எழுந்தாள். வேதாவின் முகம் வெளுத்தது. எழுந்தவர்களைக் கெஞ்சி உட்கார வைத்து எனக்குப் பழக்கமில்லை. எங்கள் பெண் தெரியாததைப் பேசமாட்டாள் என்று காட்டிவிட்டு அனுப்பலாமென்று, "இருபத்தாறும் பாத்தியாம்மா?" என்று கேட்டேன்.

தர்ஷினி தலையைக் குனிந்துகொண்டாள். "பன்னண்டு வரைக்கும், பெரியப்பா. மீதிக் கதையை நெட்ல படிச்சேன்."

எனக்குக் காது சுட்டது. துளசிங்கத்தின் எதிரில் போய் நின்றேன். "எங்க வீட்டுப் பொண்ணு பாதியைப் பாத்துட்டு முழுசுக்கும் தீர்ப்பு சொல்லிடுச்சு. தப்பு எங்களுது. இருபத்தாறையும் உங்க முன்னாலயே பாத்து முடிக்கிறோம். அடுத்த ஞாயிறு வாங்க."

"கார்ட்டூன் பாக்கவா?"

"சாட்சிக்கு."

இளமாறன்தான் முதலில் சிரித்தான். "வரோம் சார்."

ஆறு ஞாயிறு வந்தார்கள். படத்தின் அடியில் ஆங்கிலத்தில் ஓடியதை எங்களுக்காக ஆண் குரலுக்கு இளமாறனும் பெண் குரலுக்குத் தர்ஷினியும் தமிழில் சொன்னார்கள். முதல் வாரம் "சண்டை எப்ப வரும்?" என்று பேஜார் பண்ணிய துளசிங்கம், மூன்றாம் வாரம் கரண்ட் போனபோது பேப்பரால் விசிறிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் இடத்தை விட்டு எழாமல் உட்கார்ந்திருந்தார். பத்தொன்பதாம் பாகத்தில் கப்பலின் சமையல்காரன், எல்லோருக்கும் சோறு அனுப்பிவிட்டு, தன் பெரிய சட்டியோடு உடைந்த பகுதியிலேயே தங்கி உயிரை விடுகிறான். தர்ஷினிக்குக் குரல் எழவில்லை. அவள் சொல்ல வேண்டியதையும் சேர்த்து இளமாறனே சொன்னான்.

தொடர் முடிந்ததும் குறும்படத்தைப் போட்டோம். கூலியாட்கள் ஓர் அறையை வெட்டித் திறக்கிறார்கள். உள்ளே ஒரு பெரிய சட்டி. அதன் பக்கத்தில் உட்கார்ந்து தங்கள் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு, சட்டியையும் வெட்டுகிறார்கள். விளக்கம் ஒன்றும் இல்லை.

"யோவ், அது அவன் சட்டிய்யா!" என்றார் துளசிங்கம்.

தர்ஷினி மெல்லச் சொன்னாள்: "இப்பவும் எனக்கு இந்தப் படம்தான் பெருசு. ஆனா முன்னாடி பார்த்தப்போ இது வெறும் சட்டி."

"அவன் சட்டியைக்கூட விடலையேன்னுதான் எனக்குக் கோவம். உக்காந்து சாப்பிட்டுட்டு வெட்டினதை நான் கவனிக்கவே இல்ல" என்றான் இளமாறன். பிறகு, "ரசனை கம்மின்னு சொன்னீங்களே, அது?"

"அதை வாபஸ் வாங்க மாட்டேன்."

பாலாம்பாள் விழுந்து விழுந்து சிரித்தாள். "வேதா, தட்டை எடுத்துட்டு வாங்க. இதுங்க ரெண்டும் இப்படியே காலம் பூரா பேசிக்கினு கெடக்கட்டும்." அன்றே தட்டு மாற்றிக்கொண்டோம்.

பெண்ணிடம் ஏதோ குறை இருந்ததாகவும், அதனால் மாப்பிள்ளை வீட்டார் ஏழு முறை பெண் பார்க்க வந்ததாகவும் குரோம்பேட்டை உறவினர் சிலர் பேசிக்கொள்வதாகக் கேள்வி. அது தவறு. பெண்ணைப் பார்க்க வந்தது ஒரு முறை. மற்ற ஆறு முறையும் தொடரைப் பார்க்க வந்தார்கள்.