பாலத்துக்கு இந்தப் பக்கம்

சாலையோரம் கை காட்டிய ஆளைப் பார்த்ததும் சபாபதி லாரியை ஓரங்கட்டி நிறுத்தினார். ஆள் ஏறவில்லை. தூக்கிய கையை இறக்கவும் இல்லை. அவன் தொப்பி மேலும் தோள் மேலும் பனி கொட்டிக்கொண்டே இருந்தது. "ஏறுய்யா, எவ்ளோ நேரம் நிக்கிறது?" என்று டிவியைப் பார்த்துச் சத்தமாகச் சொன்ன பிறகுதான் தாம் சோபாவில் உட்கார்ந்திருப்பது அவருக்கு உறைத்தது. இந்த ஆள் ஏற மாட்டான். நேற்றும் ஏறவில்லை. விளையாட்டுக்குள் அழகுக்காக நிறுத்தி வைத்திருக்கிற ஆள் அவன் என்று மகள் இலக்கியா எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். காலம் முழுக்க அரசு பஸ் ஓட்டியவரிடம் அதெல்லாம் எடுபடுமா? கையைக் கண்டால் பிரேக்குக்குப் போவது அவர் காலுக்குப் பழக்கம். இப்போது விரலும் அதைக் கற்றுக்கொண்டுவிட்டது.

காய்ந்த துணியை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறிய தில்லைநாதன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். மேல் வீட்டில் குடியிருப்பவன்.

"இன்னா மாமா, ரிடையர் ஆயும் டூட்டி வுட மாட்டேன்றாங்களா?"

"ஸ்பெஷல் பஸ்ஸு மாப்ள. ஆளுதான் ஏற மாட்டேங்குது."

அவன் சிரித்துக்கொண்டே மேலே போனான். இன்றைக்குச் சபாபதி வாயைத் திறந்து ஒரு மனிதனிடம் பேசியது அவ்வளவுதான்.

சிதம்பரத்திலிருந்து குமராட்சி வழியாகக் காட்டுமன்னார்கோயில் போகும் வண்டியில்தான் அவருடைய வயசு போயிற்று. அந்தத் தடத்தில் பஸ்ஸைத் தூரத்தில் பார்த்தவுடன் வரப்பில் ஓடி வருகிறவர்கள் உண்டு. சபாபதி நிற்பார். கண்டக்டர் கலியமூர்த்தி விசிலை ஊதி ஊதி ஓய்வார். உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள், ஏதோ டெல்லிக்குப் போகிற அவசரத்தில், முனகுவார்கள். இவர் ஹாரனை ஒரு தடவை அடித்து, "நா பாத்துட்டேன், மெதுவா வா" என்று ஓடி வருகிறவருக்குத் தெரியப்படுத்திவிட்டுக் காத்திருப்பார். கடைசி வருஷங்களில் கடலூர் தடத்துக்கு மாற்றிய பிறகும் அந்தப் புத்தி போகவில்லை.

மனைவி ராஜாமணி போன பிறகு வீட்டில் இருவர்தான். இலக்கியா சென்னைக் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்த்தாள். சாயங்காலம் லேப்டாப்பை மூடியதும் வீடியோ கேம் விளையாடுகிற ஒரு கறுப்புப் பெட்டியை டிவியில் மாட்டுவாள். முதல் நாள் அதை இங்கிலீஷ் படம் என்று நினைத்து "இன்டர்வெல் எப்ப வரும்?" என்று கேட்டவர்தான் இவர். கேட்டதில் தப்பில்லை. படமேதான் அது. மார்த்தா என்ற நடுவயசுக்காரி ஓர் ஓட்டை லாரியில் போகிறாள். எங்கேயோ சண்டை நடந்த ஊரில், யாருமில்லாமல் நின்ற ஒரு சிறுமியை ஏற்றிக்கொள்கிறாள். கடற்கரைப் பட்டணத்தில் இருக்கும் அவள் அம்மாவிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஒரே வித்தியாசம், லாரியை நாம் ஓட்ட வேண்டும். மார்த்தா என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதையும் சில இடங்களில் நாம்தான் முடிவு பண்ண வேண்டும். இலக்கியா ஓட்டுவாள், அவர்கள் பேசுவதைத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவாள். சபாபதி பக்கத்தில் உட்கார்ந்து, "வளைவுல எதுக்கு இவ்ளோ ஸ்பீடு? கியர கொற" என்று உயிரை வாங்குவார். பதில் சொல்லும் இடம் வந்தால் இருவரும் பேசித்தான் அமுக்குவார்கள். ராஜாமணி இருந்தவரை அப்பாவும் மகளும் இவ்வளவு பேசிக்கொண்டதில்லை.

ஆபீசுக்கே வரச் சொல்லிவிட்டார்கள் என்று அவள் கிளம்பிய அன்று லாரி ஒரு பெரிய பாலத்துக்கு முன்னால் நின்றது.

"இதத் தாண்டுனா கத முடிஞ்சிரும்ப்பா. பொங்கலுக்கு வந்து சேந்து பாக்கலாம். நீ சும்மா ஓட்டிப் பழகு. பாலத்துல மட்டும் ஏத்திராத."

சபாபதி ஏற்றவில்லை. தினமும் சாயங்காலம் பாலத்துக்கு இந்தப் பக்கமே சுற்றுவார். அணைக்கும் முன் லாரியைப் பெட்ரோல் பங்க் கூரைக்கு அடியில் கொண்டுபோய் விடுவார். உள்ளே அந்தப் பிள்ளை தூங்குகிறது. பனியில் விட்டுவிட்டு எப்படி அணைப்பது?

போகி நெருங்கியபோது இலக்கியா கூப்பிட்டாள். லீவு கிடைக்கவில்லை, வேலை நெருக்குகிறது என்றாள். "அதனால இன்னாம்மா, வேலதான முக்கியம்" என்றார். அவள் மனம் கஷ்டப்படக் கூடாதே என்று, "வண்டி அங்கயேதான் நிக்கிது. நீ எப்ப வரியோ அப்ப பாலத்துல ஏத்திக்கலாம்" என்று சேர்த்துச் சொன்னார்.



"அப்பா, நா முடிச்சிட்டேம்பா."

"எத?"

"அந்தக் கதைய. லேப்டாப்ல போட்டு... போன ஞாயித்துக்கெழம. கொஞ்ச நேரம் ஓட்டலாம்னுதான் எடுத்தேன். நிறுத்த முடியல."

சபாபதிக்குச் சுருக்கென்றது. பங்கு வைக்க வேண்டிய பலகாரத்தைத் தனியாகத் தின்றுவிட்டு வந்து நிற்கிற பிள்ளையைப் பார்ப்பது போல ஒரு கோபம். இத்தனை நாள் கட்டிக் காத்தேனே, ஒரு வார்த்தை கேட்டாளா? வாய் வரை வந்தது. ஆனால் வேறொன்றுதான் வெளியே வந்தது.

"கூட யாரு இருந்தா?"

"யாரும் இல்லப்பா. ரூம்ல எல்லாம் ஊருக்குப் போயிட்டாங்க."

"அழுதியா?"

"ம்."

கோபம் போன இடம் தெரியவில்லை. முடித்துவிட்டாள் என்பதைவிட, யாரும் இல்லாமல் உட்கார்ந்து அழுதாள் என்பதுதான் இப்போது தாங்கவில்லை. இங்கே இவர் ஏறாத ஆளுக்கு வண்டியை நிறுத்திக்கொண்டிருக்க, அங்கே அவளும் ஒற்றையாகத்தான் பாலத்தைத் தாண்டியிருக்கிறாள்.

"வீடியோ போடு பாப்பா. நா ஓட்டுறேன், நீ அர்த்தம் சொல்லு. முடிவ மட்டும் சொல்லிராத."

சோபாவில் அவள் உட்காரும் இடத்தில் தலையணையைச் செங்குத்தாக வைத்து, டிவி தெரியும்படி போனைச் சாய்த்தார். "தெரியுதா?" "தெரியுதுப்பா. வண்டிய எடு." பங்கிலிருந்து லாரி கிளம்பியது. கை காட்டும் ஆள் வந்தான். இவர் விரல் தானாக அழுத்த, "அப்பா! மறுபடியுமா!" என்று போன் சிரித்தது. எவ்வளவு நாளாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு. "ரைட், ரைட்" என்று தாமே விசிலும் அடித்துக்கொண்டு சபாபதி பாலத்தில் ஏற்றினார். கீழே கறுப்பாக ஆறு. எதிர்க்கரையில் விளக்குகள் தெரிந்தன.

நடுப்பாலத்தில் லாரி தானாக நின்றது. சிறுமி விழித்துக்கொண்டு மார்த்தாவைப் பார்த்தாள். அவள் மார்த்தாவைப் பார்ப்பது நேராகச் சபாபதியைப் பார்ப்பது போலவே இருந்தது. மெதுவாக ஏதோ கேட்டாள். திரைக்கு அடியில் இரண்டு பதில்கள் வந்து நின்றன.

"இன்னா கேக்குது பாப்பா?"

"ஒரு நிமிஷம்ப்பா, ஆபீஸ்ல கூப்புடுறாங்க. அமுக்கிறாத, இதோ வந்துட்டேன்."

போனை அப்படியே மல்லாக்க வைத்துவிட்டுப் போனாள். நடக்கும் சத்தம் கேட்டது. கதவு சாத்தும் சத்தம். அப்புறம் சின்னத் திரையில் சென்னையின் ஏதோ ஓர் அறையின் கூரையும் அதில் ஓடும் ஃபேனும் மட்டும் தெரிந்தன.

சபாபதி காத்திருந்தார். இரண்டு பதில்களையும் எழுத்துக் கூட்டிப் பார்த்தார். ஒன்றில் வீடு என்று வருகிறது, மற்றதில் என்னவென்று பிடிபடவில்லை. எதையாவது அமுக்கினால் வண்டி நகர்ந்துவிடும். தெரு விளக்கு எரிந்தது. மாடியில் தில்லைநாதன் வீட்டில் குக்கர் சத்தம் போட்டு அடங்கியது. சிறுமி கேட்ட முகத்தை மாற்றவே இல்லை.

ஹாரன் எந்தப் பட்டனில் இருக்கிறது என்று தடவிக் கண்டுபிடித்து ஒரே ஒரு தடவை அடித்தார். பனிக்குள் அது நீளமாக ஒலித்தது. அந்த அறையிலும் கேட்டிருக்கும். லாரியின் வைப்பர் இப்படியும் அப்படியும் போய் வந்தது. தலையணையில் சாய்ந்திருந்த போனில் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.