சிரிப்புக்கு அடியில் இருந்த பட்டன்

துறைத் தலைவரின் முகம் சுவர் அளவுக்குப் பெரிதாகிச் சிரித்துக்கொண்டிருந்தது. மீட்டிங் அறையில் இருந்தவர்கள் அந்தச் சிரிப்பைப் பார்த்துத் தாங்களும் ஒப்புக்குக் கொஞ்சம் சிரித்து வைத்தார்கள். அசல் துறைத் தலைவர் எதிரே உட்கார்ந்து, தலையைச் சாய்த்துத் தன்னையே ரசித்துக்கொண்டிருந்தார்.

வேலைக்குப் போகிற பெண்களின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ள நகராட்சி நடத்தும் காப்பகங்களுக்கான இணையப் பக்கம் அது. இனிமேல் நேரில் போய் வரிசையில் நிற்க வேண்டாம். இடம் வேண்டுமென்றால் இந்தப் பக்கத்தில் கேட்டால் போதும். இதில் மட்டும்தான் கேட்க முடியும் என்பது இன்னொரு செய்தி. பக்கத்தை வடிவமைத்தவள் கடைசி நாற்காலியில் கழுத்தைப் பிடித்துவிட்டபடி உட்கார்ந்திருந்தாள். அலுவலகத்தில் எல்லாரும் அவளை டிசைனர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா பக்கத்தை நகத்தினா என் படம் மேல போயிடுதே?" என்றார் துறைத் தலைவர்.

"நகத்தினா எல்லாமே மேல போகும் சார்" என்றாள் டிசைனர்.

"அதைத்தான் சொல்றேன். என் படம் போகக்கூடாது. ஜனங்க எந்தப் பக்கத்துல இருந்தாலும் நான் அவங்க கூடவே இருக்கணும்."

டிசைனர் வாயைத் திறப்பதற்குள் மேனேஜர் முந்திக்கொண்டார். "பண்ணிடலாம் சார்! அடியில ஒட்டி நிறுத்திடறோம். எப்படி நகத்தினாலும் நீங்க அசையவே மாட்டீங்க!"

வெளியே வந்ததும் அவள் மேனேஜரிடம் சொல்லிப் பார்த்தாள். "சார், அவ்வளவு பெரிய படத்தைத் திரைக்கு அடியில நிரந்தரமா நிறுத்தினா, சின்ன போன்ல பாதி இடத்தை அதுவே அடைச்சுக்கும்."

"இந்தக் காலத்துல சின்ன போன் யாரும்மா வச்சிருக்கா? அவர் பாக்கப்போறது அந்தச் சுவர்ல. அங்க நல்லா இருந்தா நமக்குப் போதும்."

சண்டை போட்டிருக்கலாம். ஆனால் அந்த ஒரே பக்கத்துக்காக அவள் ஏற்கெனவே நிறத்துக்குச் சண்டை போட்டுத் தோற்றிருந்தாள், எழுத்தின் அளவுக்குச் சண்டை போட்டுத் தோற்றிருந்தாள், தானாகவே பாடத் தொடங்கும் வரவேற்பு இசை வேண்டாம் என்று சண்டை போட்டு அதில் மட்டும் எப்படியோ ஜெயித்திருந்தாள். மனுஷிக்கு ஒரு எல்லை உண்டு அல்லவா? போய்ப் படத்தை ஒட்டினாள்.

இந்தத் தொழிலில் ஒரு கஷ்டம் இருக்கிறது. செய்கிறவள் பார்ப்பது ஒரு திரையில், ஊர் பார்ப்பது ஆயிரம் திரைகளில். ஒன்று அகலம், ஒன்று ஒடுக்கம், ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. ஒரே பக்கம் எல்லாவற்றுக்கும் தக்கபடி தன்னை மடித்துக்கொள்ள வேண்டும். அது ஒழுங்காக மடிகிறதா என்று பார்க்கத்தான் அலுவலகத்தில் ஒரு இழுப்பறை நிறையப் பழைய போன்களை வாங்கிப் போட்டிருந்தார்கள். டிசைனர் அன்றைக்கு அந்த இழுப்பறையைத் திறந்தாள். எல்லாம் உயிரை விட்டுக் கிடந்தன. சார்ஜரை யார் எடுத்துப் போனார்கள் என்று தெரியவில்லை.

தேடலாம்தான். அவள் தேடவில்லை. நாற்காலிக்குத் திரும்பி, கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தின் ஓரத்தை மவுசால் பிடித்து ஒடுக்கமாக இழுத்துப் பார்த்தாள். மேலே கட்டங்கள், நடுவில் "அனுப்பு" என்ற பட்டன், அடியில் துறைத் தலைவர். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. அவள் சுருக்கியது அகலத்தை மட்டும்தான், உயரம் கம்ப்யூட்டரின் உயரமாகவே இருந்தது. கையில் இருக்கும் போனின் உயரம் அதில் பாதிகூட இருக்காது என்பது அவளுக்குத் தெரியாததல்ல. சோர்வு வந்துவிட்டால் தெரிந்ததெல்லாம் கொஞ்ச நேரம் தெரியாமல் போய்விடும். "எல்லா அளவுத் திரைகளிலும் சோதிக்கப்பட்டது" என்று சரிபார்ப்புப் படிவத்தில் இருந்த வரிக்கு நேராக ஒரு டிக் அடித்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தாள்.

பக்கம் திறந்தது, விண்ணப்பிக்கும் காலமும் முடிந்தது. அதற்குப் பிறகு ஒரு விடுமுறை நாளில் அவளுடைய நாத்தனார் இடுப்பில் பிள்ளையோடு வந்து நின்றாள். கணவனின் ஒரே தங்கை. வீட்டில் அவளுக்குப் பாப்பா என்று பெயர். அவளுக்கே ஒரு பாப்பா பிறந்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. துணி ஆலையில் தையல் வேலை. புருஷன் வெளியூரில் இருந்தான்.

"அண்ணி, நாளைக்கு ஒரு நாள் பையனை உங்ககிட்ட விட்டுட்டுப் போகட்டுமா?"

"நாளைக்கு எனக்கு மீட்டிங் இருக்கே. ஏன், பக்கத்து வீட்டுக்காரம்மா பாத்துப்பாங்களே?"

"அவங்க வீட்டைக் காலி பண்ணிட்டாங்க. காப்பகத்துல இடம் கேட்டேன், கெடைக்கலை. இனிமே ஒரு நாள் லீவு போட்டாலும் வேலைக்கே வர வேணாம்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு." சொல்லிவிட்டுப் பிள்ளையின் சட்டைப் பட்டனைப் போட்டாள், கழற்றினாள், மறுபடி போட்டாள்.

"இடம் கெடைச்சவங்க பட்டியல்ல உன் பேரு இல்லையா?"

"அனுப்பினாத்தானே அண்ணி பேரு வரும்? நான்தான் எதையோ தப்பா அமுக்கியிருக்கேன். அந்த அனுப்பற பட்டனே எனக்கு வரலை. எல்லாருக்கும் வருது, இந்த மரமண்டைக்கு மட்டும் வரலை."

"அட, என்கிட்ட கேக்க வேண்டியதுதானே!"

நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள். "நீங்க செஞ்ச பக்கம்னு அண்ணன் சொன்னாரு. உங்ககிட்டயே வந்து எனக்குப் புரியலைன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. ஏற்கெனவே நான் படிக்காதவன்னு..." அவள் படிப்பைப் பற்றி இந்த வீட்டில் எப்போதோ விளையாட்டாகப் பேசிய பேச்சுகள் டிசைனருக்கு ஞாபகத்துக்கு வந்து சுருக்கென்று தைத்தன.

நாத்தனாரின் போனை வாங்கிப் பார்த்தாள். உள்ளங்கை அளவே இருந்த குட்டையான போன். நாள் முழுக்க ஊசியையே பார்க்கிற கண் என்பதால் எழுத்துகளைப் பெரிதாக்கி வைத்திருந்தாள். பக்கத்தைத் திறந்ததும் பாதித் திரையில் துறைத் தலைவர் வந்து உட்கார்ந்துகொண்டார். பெயர், முகவரி, குழந்தையின் வயது என்று கட்டங்களை நிரப்பியபடி கீழே போய்ப் பார்த்தால் கடைசியில் பட்டனைக் காணோம். விரலால் அழுத்தி மேலே தள்ளினால் பட்டனின் உச்சி மட்டும் எட்டிப் பார்த்தது. விரலை எடுத்தால் மறுபடி அந்தச் சிரிப்புக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. இதைச் செய்தவளாலேயே அதை அமுக்க முடியவில்லை.

"புகார் பண்றதுக்குன்னு தனியா ஒரு பக்கம் இருக்கே பாப்பா. அதுல எழுதியிருக்கலாமே?"

"எழுதினேன் அண்ணி. அங்கயும் இவருதான் சிரிச்சுக்கிட்டு இருந்தாரு."

டிசைனருக்கு முகத்தில் ஈயாடவில்லை. தன்மேல் அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "நீ நாளைக்கு வேலைக்குப் போ. பையன் என்கூட இருக்கட்டும். உன் போனையும் குடு, என்னுதை நீ வச்சுக்கோ" என்றாள்.

மறுநாள் மீட்டிங் அறையில் டிசைனர் மடியில் ஒரு குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். மேனேஜர் பார்த்த பார்வையை அவள் கண்டுகொள்ளவில்லை. துறைத் தலைவர் நல்ல உற்சாகத்தில் இருந்தார்.

"அற்புதமான பக்கம். திறந்த நாள்லருந்து ஒரு புகார்கூட வரலை, தெரியுமா? இன்னொரு விஷயம், விண்ணப்பமும் பாதியாக் கொறஞ்சிருக்கு. ஜனங்களுக்குத் தேவை கொறஞ்சிடுச்சுன்னு அர்த்தம். ஆத்தோரமா இருக்கிற காப்பகத்தை மூடிடலாம்னு இருக்கோம்."

ஆற்றோரம்தான் துணி ஆலை. நாத்தனார் இடம் கேட்டதும் அந்தக் காப்பகத்தில்தான்.

"சார், இந்தப் போன்ல நீங்களே ஒரு தடவை இடம் கேட்டுப் பாருங்க" என்று டிசைனர் போனை நீட்டினாள்.

அவர் விளையாட்டாக வாங்கினார். கட்டங்களில் ஏதேதோ நிரப்பினார். கீழே போனார், மேலே வந்தார், மறுபடி கீழே போனார். "அனுப்பறது எங்க இருக்கு?"

"உங்க படத்துக்கு அடியில இருக்கு சார்."

"இவ்வளவு சின்ன போன்ல பாத்தா அப்படித்தான் இருக்கும்."

"காப்பகம் தேவைப்படறவங்க கையில இருக்கிறது இந்த மாதிரி போன்தான் சார். பெரிய போன் இருக்கிறவங்க வீட்டுல ஆள் வச்சுப் பாத்துப்பாங்க. தேவை கொறையலை சார், அனுப்ப முடியலை. புகார் பக்கத்துலயும் பட்டன் இப்படித்தான் மறைஞ்சிருக்கு. அதனாலதான் புகாரும் வரலை."

மேனேஜர் அவசரமாக எழுந்தார். "சார், எல்லா அளவுலயும் சோதிச்சாச்சுன்னு இவங்கதான் டிக் பண்ணிக் குடுத்தாங்க! எனக்கு எதுவும் தெரியாது."

"ஆமா சார். பாக்காமலே பாத்தாச்சுன்னு நான்தான் டிக் பண்ணினேன். தப்பு என்னுது" என்றாள் டிசைனர். இந்த வேலை இன்றோடு போனாலும் போகட்டும் என்று நினைத்துக்கொண்டாள். நிஜமாகவே அப்படி நினைத்தாளா, வாய் முந்திவிட்டதா என்று பிறகு அவளுக்கே தெரியவில்லை.

துறைத் தலைவர் இன்னும் அந்தப் பட்டனை விடவில்லை. கட்டைவிரலால் தள்ளினார், அது எட்டிப் பார்த்தது, விட்டார், மறைந்தது. எத்தனை தடவை தள்ளினாலும் அவர் முகமே திரும்பி வந்து அவரைப் பார்த்துச் சிரித்தது. கடைசியில் போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார்.

"என்னை எடுத்துடுங்க" என்றார். "மறுபடி விண்ணப்பம் வாங்குங்க. காப்பகத்தை மூடற பேச்சு இப்போ வேணாம்."

வேலை போகவில்லை. விளக்கம் கேட்டு ஒரு மெமோ மட்டும் வந்தது. மேனேஜர் அன்று முழுக்க அவளோடு பேசவில்லை, அதில் அவளுக்கு நஷ்டமும் இல்லை. படத்தை எடுத்தாள். பக்கத்தின் அடியில் பட்டனுக்குத் தாராளமாக இடம் விட்டாள். பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு, நாத்தனாரின் போனிலேயே திறந்து பார்த்தாள். எழுத்தை இன்னும் பெரிதாக்கிப் பார்த்தாள், போனைக் கிடையாகத் திருப்பிப் பார்த்தாள். பிறகு பக்கத்து மேஜைக்காரரிடம் சார்ஜரைக் கடன் வாங்கி, இழுப்பறையில் கிடந்த போன்களை ஒவ்வொன்றாக எழுப்பத் தொடங்கினாள்.

சாயங்காலம் ஆலையிலிருந்து நேராக டிசைனரின் வீட்டுக்கு வந்த நாத்தனார், உட்காரக்கூடச் செய்யாமல் தன் போனை வாங்கி விண்ணப்பத்தை நிரப்பினாள். இந்தத் தடவை பட்டன் ஓடி ஒளியவில்லை. "உங்கள் விண்ணப்பம் கிடைத்தது" என்று வந்ததை வாய்விட்டு ஒருமுறை படித்தாள். இடம் கிடைக்குமா என்பது இனிமேல்தான் தெரியும், ஆனால் கேட்டாகிவிட்டது.

"அப்போ தப்பு என்மேல இல்லை, அப்படித்தானே?" என்றாள்.

"துளிகூட இல்லை பாப்பா. தப்பு பூரா என்னுது. உன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

நாத்தனார் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. போனைப் பையில் போட்டுக்கொண்டு, தூங்கும் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். வாசல்வரை போய்த் திரும்பினாள்.

"எங்க ஆலையில இன்னும் எவ்வளவோ பேரு அனுப்ப முடியலைன்னு விட்டுட்டாங்க அண்ணி. எல்லாரும் தன்னைத்தான் திட்டிக்கிட்டாங்க. எனக்காவது ஆபீசுக்குள்ள ஒரு அண்ணி இருந்தீங்க. உள்ள யாரையும் தெரியாதவங்க என்ன பண்ணுவாங்க?"

டிசைனர் களைத்துப்போய்க் கதவில் சாய்ந்து நின்றாள்.

"உள்ள இருக்கிறவ தன் வேலையை ஒழுங்கா செஞ்சிருந்தா, உள்ள ஆள் தெரிஞ்சிருக்கணும்கிற அவசியமே யாருக்கும் வந்திருக்காது பாப்பா."