தம்ளருக்குள் அணையாத மெழுகுவர்த்தி

எட்டாம் வகுப்பு அறிவியல் அறையில், கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்து மூடிய மெழுகுவர்த்தி ஒன்று பதினோரு வருடமாக எரிந்துகொண்டிருக்கிறது. விரல் உயரம்தான், உருகிக் குறைந்ததும் இல்லை.

அதை ஏற்றியவர் அப்போதிருந்த அறிவியல் டீச்சர். கைச்செலவில்லாமல் பாடம் நடத்தும் வழிகளையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். பக்கத்துப் பள்ளிக்காரர்கள்கூட இரவல் வாங்கிப் பார்த்து எழுதிக்கொள்வார்கள். தீர்ந்த பேனா ரீஃபிலைக் கழுவினால் உறிஞ்சு குழாய். மருந்து பாட்டில் மூடி இரண்டை நூலில் கட்டினால் தராசு. தம்ளரை மூடியதும் வகுப்பையே சத்தமாக எண்ணச் சொல்லுங்கள், எண்ணுகிற வாய் வம்பு பேசாது. ஏழாம் பக்கத்தில் இன்னொன்று: செய்முறை நோட்டில் 'கண்டது' என்ற பகுதியை முதல்நாளே எழுத வைத்துவிடுங்கள், நேரம் மிச்சம்.

அதனால் அந்தச் செவ்வாய்க்கிழமை தம்ளரை மூடும் முன்பே நாற்பத்திரண்டு நோட்டிலும் மெழுகுவர்த்தி அணைந்திருந்தது. வகுப்பு எண்ணியது. பன்னிரண்டில் அணைய வேண்டியது நூறைத் தாண்டியது, முந்நூறில் மணியடித்தார்கள். எதற்கெடுத்தாலும் வாதாடி 'வக்கீல்' என்று பேர் வாங்கிய பெண் எழுந்தாள்.

"டீச்சர், அணையலியே. என்ன எழுதறது?"

"அதான் எழுதியாச்சே."

"அது நேத்து எழுதினது டீச்சர். பாத்தது இன்னைக்குத்தானே?"

நேற்று எழுதியதை அடித்துவிட்டு 'அணையவில்லை' என்று எழுதினாள். அடித்தல் திருத்தலுக்கு மார்க் போகும் என்று மற்ற நாற்பத்தொரு பேரும் பேனாவை மூடிவிட்டார்கள்.

வக்கீலின் அப்பா ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார்: "ஒரு பாடம் போனாலும் அக்காகூட தையல் கம்பெனிதான்." டீச்சருக்கும் அது தெரியும்.

ஆண்டுத் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த தேர்வாளர் தம்ளரின் விளிம்பைச் சுற்றிக் களிமண் வைத்து அடைத்தார். முக்கால் மணி நேரம் உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். "நல்லாத்தான் எரியுது" என்றார். பிறகு வக்கீலின் நோட்டில் சுழியம் போட்டு டீச்சர் பக்கம் நகர்த்தினார். "விடைக்குறிப்புல இருக்கறதுக்குத்தாம்மா மார்க். நீங்களும் ஒரு கையெழுத்து போட்டாத்தான் செல்லும்."

டீச்சர் போட்டார்.

வாசலில் நின்றிருந்தவள் கேட்டாள். "நீங்களும் பாத்தீங்கதானே டீச்சர்?"

"பாத்தேன்மா."

அதற்குமேல் அவள் வாதாடவில்லை. அடுத்த மாதமே தையல் கம்பெனியில் காஜா போடும் மெஷினில் உட்கார்ந்தாள்.

மெழுகுவர்த்தி அணையவில்லை, அவள் எழுதியதுதான் சரி என்று டீச்சர் மேலிடத்துக்குப் பதினேழு கடிதம் எழுதினார். பதிலுக்கு ஒரு பெட்டி புது மெழுகுவர்த்தி வந்தது. ஏழாம் பக்கத்தைக் கிழித்தார். அதற்குள் அது முப்பது பள்ளிகளுக்குப் போய்விட்டிருந்தது. ஓய்வு பெறும் நாள்வரை காலையில் தம்ளர் முன்னால் நின்று பன்னிரண்டுவரை எண்ணிவிட்டுத்தான் வருகை எடுப்பார்.

இப்போது வேறு டீச்சர். பிள்ளைகள் முதல்நாளே 'அணைந்தது' என்று எழுதிவிட்டு வந்து எண்ணுகிறார்கள். தம்ளரின் மேல்பக்கம் எப்போதும் சுட்டுக்கொண்டே இருப்பதால் பழைய டீச்சரின் நோட்டில் புதிதாக ஒரு குறிப்பு ஏறியிருக்கிறது: விடைத்தாள் கட்டுக்கு முத்திரை வைக்கும் அரக்கை அதன்மேல் வையுங்கள், சீக்கிரம் உருகும்.