முப்பத்திரண்டு பாட்டில்கள்

விடியுமுன்னே சாயத்தொட்டியில் கையை விட்டால், மதியம் வரை எங்கள் முழங்கை எங்களுடையது இல்லை. ஒருநாள் சிவப்பு, ஒருநாள் நீலம். பொடியை வெறுங்கையால்தான் கரைப்போம். கையுறை கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். அதற்குப் பதிலாக முதலாளி பாட்டில் பாட்டிலாக வைட்டமின் சி மாத்திரை கொடுத்தார். மேஸ்திரியின் கண்முன்னே இரண்டை விழுங்கிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். மாத்திரை தீர்ந்த கண்ணாடி பாட்டில்களை உப்பு, மிளகு போட்டு வைக்க வீட்டுக்கு எடுத்துப்போவோம்.

கழிப்பறைச் சாவி மேஸ்திரியின் இடுப்பில். அதைக் கேட்டு அவரிடம் பேச்சு வாங்குவானேன் என்று தண்ணீர் குடிப்பதையே விட்டிருந்தோம். அதைச் சாமர்த்தியம் என்று வேறு நினைத்தோம், முட்டாள்கள்.

அந்தச் சாமர்த்தியத்தில் என் அண்ணனை மிஞ்ச ஆளில்லை. ஒருநாள் அவனுக்குச் சிறுநீர் சிவப்பாகப் போனது. அன்று சிவப்புப் பொடி கரைத்ததால், சாயம்தான் என்று சிரித்தான். நீலம் கரைத்த நாளிலும் சிவப்பாகவே போனபோது சிரிப்பு நின்றது.

மூத்திரப்பையில் புற்றுநோய் என்றார் டாக்டரம்மா. சில சாயப்பொடிகளால் அது வரும், தண்ணீர் குடிக்காமல் அடக்கி வைத்தால் விஷம் பையிலேயே தங்கும் என்றார். அண்ணி மாத்திரையைக் காட்டினாள். டாக்டரம்மா அதை வாங்கிப் பார்த்தார்.

"இது மூத்திரத்துல அமிலத்தைக் கூட்டலாம். அப்போ சில விஷம் இன்னும் கெடுதல் பண்ணுமோன்னு சந்தேகம் இருக்கு. இதாலதான்னு அடிச்சுச் சொல்லமாட்டேன். ஆனா கையுறை செய்யற வேலைய மாத்திரை செய்யாதும்மா."

கையுறை, சாவி, எல்லோருக்கும் பரிசோதனை என்று கேட்டு முதலாளியிடம் போனோம். டாக்டரம்மா சொன்னதையும் அப்படியே சொன்னோம்.

"உங்க உடம்பத் தேத்த மாத்திரை குடுத்தேன். என்கிட்டயே சண்டைக்கு வர்றீங்களா? அவன் சிகரெட் குடிச்சிருப்பான்."

"அவருக்கு அந்த வாசனையே ஆகாதுங்க," என்றாள் அண்ணி. "நீங்க குடுத்ததைத்தான் முழுங்கினாரு."

"சந்தேகம்னுதானே டாக்டர் சொன்னாங்க? நிரூபிச்சுட்டு வாங்க."

மறுநாள் விடியற்காலையில் ஒருவரும் தொட்டிப் பக்கம் போகவில்லை. அவர் கொடுத்த அதே பாட்டில்களில், அவரவர் சிறுநீரை நிரப்பி, பெயர் ஒட்டி, முதலாளியின் கண்ணாடி மேசையில் வரிசையாக வைத்தோம். முப்பத்தொன்று மஞ்சள். ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணி கொண்டுவந்த முப்பத்திரண்டாவது மட்டும் சிவப்பு.

"நிரூபிக்கச் சொன்னீங்களே. சோதனைக்கு அனுப்புங்க," என்றாள்.

அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு போலீசைக் கூப்பிடுவேன் என்றார். கூப்பிடட்டும் என்று வாசலை அடைத்து உட்கார்ந்தோம். அண்ணி ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்தாள். குடம் கைமாறிக் கைமாறி வந்தது. மேஸ்திரி சாவியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நிற்க, பல வருஷத்துக்குப் பிறகு எல்லோரும் வயிறு முட்டக் குடித்தோம்.